புளியரை எடைமேடை

"ரெய்டு உடைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றேன் போனில்.
அந்தப் பக்கம் இசக்கியப்பன் எச்சில் விழுங்குவது கேட்டது.
"எந்த டிபார்ட்மெண்டு?"

அந்த ரெய்டு இல்லை, இது டிஸ்க்குகளின் கூட்டு
என்று புரியவைத்து
தென்காசியில் புதுசு ஒன்று வாங்கி
மழைச்சட்டைக்குள் பொதிந்து
நான் வந்து சேர இருட்டிவிட்டது.

நாலில் மூன்றாவது போயிருந்தது.
திரையில் சதுர அடைப்புக்குள்
யு, யு, ஓர் அடிக்கோடு, யு.
பல் விழுந்த வாய்.
அந்த வாயை வைத்துக்கொண்டே
முந்தின ராத்திரி முழுக்க
லாரி லாரியாய் எடை சொல்லியிருக்கிறது சர்வர்,
ஒரு கிலோ தப்பாமல்.

எது செத்தது என்று லினக்ஸ் சொல்லும்,
எந்தத் தட்டில் கிடக்கிறது என்று சொல்லாது.
சீரியல் நம்பரை உள்ளங்கையில் எழுதி
டார்ச்சைப் பல்லில் கடித்து
ஒவ்வொன்றின் முதுகையும் படித்தேன்.
உயிரோடிருப்பதை உருவிவிட்டால்
ஒன்று போனது இரண்டாகும்.
இரண்டு போனால் எல்லாம் போனது.

உருவினேன். சுட்டது.
புதுசைச் செருகி, சேர்த்துக்கொள் என்று
ஒரு வரி தட்டினேன்.
பூஜ்யம் புள்ளி ஒன்று சதவீதம்,
இன்னும் ஏழரை மணி நேரம் என்றது.

"செத்ததுல என்ன இருந்துச்சுன்னு
மத்ததுக்கு எப்படித் தெரியும்?"
உங்க மேடைதான் அண்ணாச்சி.
லோடோட முப்பத்தெட்டு டன், வெறும் வண்டி பன்னிரண்டு.
கல்லை மட்டும் தனியா யாரும் தூக்கிப் பாக்கலையே,
இருபத்தாறுன்னு எப்படிச் சொல்லுதீக?

அவர் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்தார்.

நாற்பத்தோரு சதவீதத்தில் கரண்ட் போனது.
ஆரியங்காவுப் பக்கம் வானம் வெட்டி வெட்டி மின்னியது.
யுபிஎஸ் கீச்சிட்டது.
ஜெனரேட்டர் மூன்றாவது இழுப்பில் பிடிக்கும்வரை
நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை.
ஆறு வருஷமாய்ச் சுற்றும் அந்த இரண்டாவது டிஸ்க்கைத்தான்
கூப்பிட்டேன்: நீ இரு.
இன்னும் நாலு மணி நேரம், நீ மட்டும் இரு.

இருந்தது.
விடியும்போது சாரல் விட்டிருந்தது.
யு யு யு யு.

டீ வந்தது. கூடவே இசக்கியப்பன் வந்து
கதவைச் சாத்தினார்.
"போன வெள்ளி ராத்திரி. பதினேழு வண்டி.
அது இருக்கக் கூடாது."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.
நீங்களே அமுக்குங்க.

ஒற்றை விரலால் அமுக்கினார்.
நாலு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் மறந்தன,
ஒன்றுகூட ஏன் என்று கேட்கவில்லை.
விடிய விடியக் கேட்டுக் கேட்டு
அந்தப் புதுசு தெரிந்துகொண்டது,
சூடு ஆறுமுன் மறந்தது.
டிஸ்க் செத்தால் காப்பாற்றும் ரெய்டு,
விரலிடமிருந்து காப்பாற்றாது.
வாங்கிய நாளிலேயே சொன்னேன்,
பேக்கப் தனியாக வேண்டுமென்று.
செலவு என்றார்.
இன்று அந்தச் செலவு மிச்சமானதில்
அவருக்கு நிம்மதி.

வெளியே மேடையில் தங்கச்சனின் லாரி ஏறியது.
புனலூர்க்காரன், தூங்காத கண்.
"சேச்சி, வெள்ளியாழ்ச்ச ராத்திரியிலெ பாக்கி
முப்பது ரூபா தரான் உண்டு."
சட்டைப் பையிலிருந்து எடைச்சீட்டை எடுத்து விரித்தான்.
மஞ்சள் தாள், வியர்வையில் ஊறியும்
எண்கள் அழியவில்லை.

குவாரியில் ஒரு பாஸ் இருக்கும்.
மலைக்கு அந்தப்பக்கம் செக்போஸ்டில்
யாரோ பேனாவால் எழுதிய ஒரு வரி இருக்கும்.
இங்கே இது.
நடுவே ஓர் அடிக்கோடு, எங்கள் சர்வர்.

இசக்கியப்பன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.
சீட்டைக் கொடு என்று நான் கேட்டிருக்கலாம்.
என் பர்சிலிருந்து முப்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.
தங்கச்சன் எண்ணினான்.
சீட்டை நாலாய் மடித்து
அதே பையில் வைத்துப் பித்தானைப் போட்டான்.